இரு படைகளும்

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பிறந்தது. எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. மேசைமேல் எந்தப் பயணியோ விட்டுப்போன மூன்று நாட்டு நாளிதழ்கள் கிடந்தன. மூன்றிலும் ஒரே தேதி, ஒரே புகைப்படம். நீள மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு தூதுக்குழு, அந்தப் பக்கம் ஒரு தூதுக்குழு, நடுவில் தண்ணீர்க் கூஜா. சண்டை போட்டுக்கொண்டிருக்கும் இரண்டு நாடுகள் மூன்றாவது நாட்டில் சமாதானம் பேச உட்கார்ந்த படம் அது.

சண்டையிடும் நாடுகளில் ஒன்றின் நாளிதழ், எதிர்ப்பக்கத்தை வெட்டிவிட்டிருந்தது. அவர்கள் தலைவர் கூஜாவோடு பேச்சுவார்த்தை நடத்துவதுபோல இருந்தது. மற்ற நாட்டின் நாளிதழ், அந்தத் தலைவர் நெற்றியில் வைத்திருந்த கையைச் சுற்றி வட்டம் போட்டு, 'வியர்க்கிறது பகைக்கு!' என்றது. பேச இடம் கொடுத்த நாட்டு நாளிதழ் ஆட்களைச் சிறிதாக்கி, மண்டபத்தின் சரவிளக்கை முழுசாகப் போட்டிருந்தது.

வலி போன இடம் தெரியவில்லை என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஆனால் இந்த மூன்று பக்கங்களையும் எழுதியவர்கள் ஒரே அறையில்தானே உட்கார்ந்திருப்பார்கள், ஒரே தேநீரைத்தானே குடித்திருப்பார்கள் என்ற யோசனை அப்போது வந்தது.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'போர் மேகங்கள் சூழ்ந்த அவ்வேளையில்' [அடித்துவிட்டேன். மேகம் என்ன பாவம் செய்தது.]

'சமாதானம் என்பது இரு சொற்களுக்கு நடுவே உள்ள' [இது கட்டுரை. மேடையில் மாலை போட்ட பிறகு பேசவேண்டியது.]

'அவளுக்கு ஆச்சரியக்குறியைக் கண்டால் ஆகாது.' [இது நிற்கட்டும்.]

அவள் சண்டையிடும் நாடுகளில் ஒன்றின் பெரிய நாளிதழில் நிருபர். தலைப்பில் யாராவது ஆச்சரியக்குறி போட்டால் எட்டிப் பார்த்து அடித்துவிடுவாள். அலுவலகத்தில் அவளுக்கு 'முற்றுப்புள்ளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேலிக்கு வைத்த பெயரை அவள் பதக்கம்போல மாட்டிக்கொண்டு திரிந்தாள். அப்பா இல்லை. அம்மா கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே அண்ணன் படையில். இரு நாடுகளுக்கும் நடுவே ஓடும் ஆற்றின் கரையில், பதுங்குகுழியில் கிடக்கிறான்.

* இரண்டு நாட்டிலும் ஒரே மொழிதான். வசவுக்குக்கூட மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். இது கதைக்கு வசதி, சமாதானத்துக்கு இடைஞ்சல்.

3

நான் பார்த்த நாளிதழ்கள் முதல் சுற்றுப் பேச்சுவார்த்தையின் முதல் நாளுடையவை. அந்தச் சுற்று எப்படி முறிந்தது என்பதை இங்கே சொல்லியாகவேண்டும்.

இரண்டாம் நாள் மாலை ஒரு கூட்டறிக்கை வந்தது. ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் படைகளை நகர்த்துவது பற்றி இரு நாடுகளும் ஆலோசிக்கும் என்பதுதான் அதன் சாரம். முற்றுப்புள்ளி அதை அப்படியே எழுதி அனுப்பினாள். செய்தி அவளுடையது, தலைப்பு ஊரில் இருக்கும் ஆசிரியருடையது. மறுநாள் முதல் பக்கத்தில் அவள் செய்திக்கு மேலே, உள்ளங்கை அகல எழுத்தில், 'பின்வாங்குகிறது எதிரி!' என்று நின்றது.

எதிர்நாட்டு நாளிதழில் 'பணிந்தது பகை!' என்று வந்தது. இடம் கொடுத்த நாட்டில், 'நம் மண்டபத்தில் மலர்கிறது அமைதி'.

அன்று காலை இரண்டு தூதுக்குழுத் தலைவர்களும் எதிராளியின் நாளிதழை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். உட்காரவில்லை. யார் பின்வாங்குவது, யார் பணிந்தது என்று நின்றபடியே கேட்டுக்கொண்டு, கதவைத் திறந்து போய்விட்டார்கள். சாயங்காலமே ஆற்றங்கரையில் குண்டு விழுந்தது. அண்ணன் இருந்த குழிக்குப் பக்கத்துக் குழியில்.

[இந்த இடத்தில் ஒரு அழுகைக் காட்சி எழுதி வைத்திருந்தேன். அவள் அழவில்லை. கோபத்தில் நகத்தைக் கடித்தாள். நகத்தையே வைத்துக்கொள்கிறேன்.]

4

சில மாதம் கழித்து இரண்டாம் சுற்று. அதே மண்டபம், அதே விளக்கு, பத்திரிகையாளர் அறையில் அதே ஆட்டம் காணும் மேசை. சுவரில் பிளக் பாயிண்ட் குறைவாக இருந்ததால் யார் யார் பக்கத்தில் உட்காருவது என்பதை அதுவே தீர்மானித்தது. முற்றுப்புள்ளிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் எதிர்நாட்டு நிருபர். பருத்த மனிதர். உட்கார்ந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு இருப்பார். சாக்ஸ்காரர் என்றே எல்லோரும் சொன்னார்கள்.

[முதல் பிரதியில் இவர் இளைஞராக இருந்தார், அவளைக் காதலித்தார். இருவருக்கும் வேலை கெட்டது. வயதைக் கூட்டி, தொப்பை வைத்து, கல்யாணமும் பண்ணிவைத்துவிட்டேன்.]

மூன்றாம் நாள் மாலை அறிக்கை வந்தது. இந்த முறை ஆலோசனை இல்லை, முடிவு. இரு படைகளும் கரையை விட்டு விலகும். முற்றுப்புள்ளி மடிக்கணினியை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்க ஊர்ல இதுக்கு என்ன தலைப்பு போடுவாங்கன்னு நான் சொல்லட்டுமா?"

"சொல்லவேண்டாம்மா. உங்க ஊர்ல போடுறதைத் திருப்பிப் போடுவாங்க."

"அப்ப நாளைக்குக் காலையில மறுபடியும் எழுந்து போயிடுவாங்க."

சாக்ஸ்காரர் சாக்ஸை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "என் பொண்ணு படிக்கிற பள்ளிக்கூடம் ஆத்துல எங்க பக்கக் கரையிலதான்," என்றார். "பூட்டிக் கிடக்கு. வீட்டுல உக்காந்து என் உயிரை எடுக்கறா."

"ரெண்டு பேரும் ஒரே தலைப்பை அனுப்பினா என்ன?"

"என் தோலை உரிச்சிடுவாங்க." சொல்லிவிட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "சரி, என்ன வார்த்தை?"

'பின்வாங்க' என்பதை இருவருமே தள்ளினார்கள். அதில் தோல்வி நாறியது. 'இணங்கின' என்றாள் அவள். யாரோ கையை முறுக்கினமாதிரி இருக்கிறது என்றார் அவர். 'விட்டுக்கொடுத்தன' என்றார் அவர். அது அண்ணன் தம்பிக்குள் சொல்வது, இப்போதைக்குப் பொருந்தாது என்றாள் அவள். கடைசியில் 'விலக', 'சம்மதம்' என்ற இரண்டும் மிஞ்சின. விலகுவதில் அவமானம் இல்லை. வழிவிடுபவனும் விலகத்தான் செய்கிறான்.

"ஆனா சிக்கல் இந்த வார்த்தையில இல்ல," என்றாள் முற்றுப்புள்ளி. "நீங்க எப்பவும் எங்களை எழுவாயாப் போடுறீங்க. நாங்க உங்களைப் போடுறோம். விலகுறது ரெண்டு பேரு. தலைப்புல ஒருத்தர்தான் இருக்காரு. பொய் அங்கதான் இருக்கு."

அப்படித்தான் வந்தது அந்த வரி: 'ஆற்றங்கரையை விட்டு விலக இரு படைகளும் சம்மதம்'.

எதிரே இருந்த, இடம் கொடுத்த நாட்டு நிருபர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க என்ன வேணா போட்டுக்குங்க. எனக்கு எங்க மண்டபம் தலைப்புல வந்தாகணும், அவ்வளவுதான்," என்று தன் வேலையைப் பார்க்கப் போனார்.

5

ஆசிரியர் உடனே தொலைபேசியில் அழைத்தார்.

"தலைப்பு சப்புனு இருக்கே."

"நடந்தது அதுதான் சார்."

"'எதிரி ஓட்டம்'னு போட்டா கடைவாசல்லயே தீர்ந்துடும்."

"எதிரி ஓடல. அவங்களும் விலகுறாங்க, நாமளும் விலகுறோம். நம்ம பாதியை எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது?"

"உங்க அண்ணனே அந்தக் கரையில நிக்கிறாரு. உங்களுக்குக் கூடவா கோபம் வரல?"

"வருது. அதனாலதான் சொல்றேன். போன தடவை நம்ம தலைப்பைப் படிச்சது நம்ம வாசகர் மட்டும் இல்ல. எதிர்க் குழுத் தலைவரும் படிச்சாரு, எழுந்து போனாரு. குண்டு எங்க அண்ணன் பக்கத்துல விழுந்தது. உங்க மேசைமேல விழல."

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"இதுவரைக்கும் என் பேரைப் போடுங்கன்னு நான் கேட்டதில்ல. இந்தத் தலைப்புக்குக் கீழ போடுங்க. தப்புன்னா ஊரு என்னைக் கேக்கட்டும்."

"வீட்டுக் கதவைத் தட்டுவாங்க."

"எங்கம்மா திறப்பாங்க. அவங்களுக்குப் பேசத் தெரியும்."

[இங்கே அவள் வேலையை விட்டு விலகுவதாக ஒரு பிரதி உண்டு. படித்த நண்பர்கள் கைதட்டினார்கள். ஆனால் அவள் போய்விட்டால் தலைப்பு ஆசிரியர் கைக்குப் போய்விடும். வீரத்துக்காக முதல் பக்கத்தைப் பறிகொடுக்க நான் தயாரில்லை. அவளும் இல்லை.]

6

காலையில் நாளிதழ்கள் வந்தன. அவளுடையதில் அவள் வரி முதல் பக்கத்தில், ஒரு எழுத்தும் மாறாமல், கீழே அவள் பெயருடன் நின்றது. ஆச்சரியக்குறி இல்லை. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். இத்தனை வருட வேலையில் தன் நாளிதழைப் பார்த்து நெஞ்சு நிமிர்ந்தது அன்றுதான்.

சாக்ஸ்காரரின் நாளிதழ்? அவர் துரோகம் செய்ததாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். பரபரப்பாக இருந்தது, நம்பும்படி இல்லை. அவருடைய தலைப்பும் அப்படியே முதல் பக்கத்தில் வந்ததாக இன்னொன்று. கண் நிறைந்தது, அதையும் நம்ப முடியவில்லை. நடந்தது இதுதான்: அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஏழாம் பக்கம்," என்றார். "மூலையில. முதல் பக்கத்துல மழை நிலவரம்."

"வரி?"

"மாத்தல. சண்டை போட்டுத்தான் காப்பாத்தினேன்."

"அப்புறம் என்ன. ஏழாம் பக்கத்துலயும் இரு படைதானே?"

அவர் சிரித்தார். சிரிக்கும்போது அவருக்கும் முதுகு நிமிர்ந்தது.

எதிர்க் குழுத் தலைவர் அவள் நாளிதழோடு பேச்சுவார்த்தை மண்டபத்துக்குள் வந்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பத்திரிகையாளர் அறையே எட்டிப் பார்த்தது. அவர் முதல் பக்கத்தை இன்னொரு தடவை வாசித்தார், மடித்தார், கூஜாவுக்குப் பக்கத்தில் வைத்தார், உட்கார்ந்தார். அன்று யாரும் எழுந்து போகவில்லை. அந்த வாரத்தில் படைகள் விலகின. ஆற்றில் இறங்கிக் குளித்ததாகவும் தண்ணீர் பனிக்கட்டியாக இருந்ததாகவும் அண்ணன் தொலைபேசியில் அம்மாவிடம் பீற்றிக்கொண்டான்.

கதவைத் தட்டவும் செய்தார்கள். தெருக்காரர்கள் நாலைந்து பேர், கையில் அந்த நாளிதழோடு. முன்னால் நின்றவர் கேட்டார்: "டீச்சர், எங்களுக்கு ஒண்ணு தெரியணும். உங்க பொண்ணு யாரு பக்கம்?"

அம்மா நாளிதழை வாங்கி, பெயர் இருந்த இடத்தைக் காட்டினார்.

"முதல் பக்கம்."

[அம்மாவை நான்தான் உண்டாக்கினேன். ஆனால் அந்தப் பதிலை நான் எழுதவில்லை, அவரே சொன்னார். சொன்ன நாள் முழுக்க நான் தெருவில் தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.]

7

படை விலகினால் போர் முடிந்துவிடாது. கைதிகளை விடுவிக்க வேண்டும், எல்லை வரைய வேண்டும், இன்னும் எத்தனையோ. கடைசிச் சுற்றின் கடைசி நாள் இது. பேச்சுவார்த்தைக் கதவு திறக்கிறது. செய்தித் தொடர்பாளர் கையில் ஒற்றைத் தாளோடு வெளியே வருகிறார். அவர் முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியவில்லை. சாக்ஸ்காரர் அவசரமாக ஷூவைத் தேடுகிறார்.

முற்றுப்புள்ளியின் காதில் தொலைபேசி. மறுமுனையில் ஆசிரியர்.

"முதல் பக்கத்துல இடம் விட்டு வச்சிருக்கேன். நான் எதுவும் எழுதல. நீங்க சொல்லுங்க, அப்படியே போடுறேன்."

தாள் வாசிக்கப்படுகிறது. அவள் கடைசி வரை கேட்கிறாள். சொல்ல வாய் திறக்கிறாள்.

முடிந்தது என்று நான் எழுதினால், போர் முடியாத ஊரில் இருந்து இதைப் படிப்பவர் என்னை நம்பமாட்டார். முறிந்தது என்று எழுத என் கை வரவில்லை. அவள் வாய் திறந்தபடி நிற்கட்டும். உங்கள் ஊரில் இன்று என்ன சத்தம் கேட்கிறது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் காத்திருக்கிறார். சொல்லுங்கள்.