சந்தேகக் கூடை

விடிவதற்கு முன்பே முதல் பொதியை அவிழ்த்தாயிற்று. அழுக்குக் கவர்கள் மேசையில் சரிந்ததும் புளித்த வாடை மூக்கில் ஏறியது. பதினோரு பெண்கள் இரண்டு பக்கமும் நின்று, கைக்கு வந்ததை எடுத்தார்கள், கசக்கினார்கள், விட்டார்கள். கசங்கியபடியே கிடந்தால் மூன்று தோல் கவர். நடுத்தோல் ஈயத்தாள், உருக்குகிற மிஷினுக்கு ஆகாது. மெல்ல விரிந்தால் ஒற்றைத் தோல். உருக்கலாம், மறுபடி கவராக்கலாம். தங்கையோடு அந்த மேசையில் நிற்கும் அக்காவுக்குக் கசங்குகிற சத்தமே போதும். பாம்புக்காது என்று மேசையில் அவளுக்குப் பட்டப்பெயர்.

அந்தக் காதுதான் இருபது நாளாக அவளைப் பாடாய்ப் படுத்தியது. மிஷின் ஓடவேயில்லை, ஆனாலும் அது நிற்கும் மூலையிலிருந்து ஒரு விசில் கேட்டது, பாதி விசில். மிஷின் சல்லடை அடைக்கிற மாதிரி தெரிந்தால் அவள் தங்கை புருஷன் அப்படித்தான் விசிலடிப்பான். எல்லோரும் கையை நிறுத்துவார்கள். அவன் மிஷினை அணைத்துச் சல்லடையை மாற்றுவான். இருபது நாளுக்கு முன்னால், அவன் செத்த அன்றைக்கும் அடித்தான். விசில் முடிவதற்குள் மிஷின் வாய் பிளந்து, கொதிக்கிற பிளாஸ்டிக் அவன்மேல் கொட்டிவிட்டது.

சல்லடை முழுக்க ஈயத்தாள் அப்பியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மேசையைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும்? அன்று மேசைக் கடைசியில் நின்று, தேறிய கவர்களை மிஷினுக்குத் தள்ளிவிட்டவள் அக்காதான். தங்கையின் குடியை நானே கெடுத்துவிட்டேன் என்று அவள் மனசுக்குள் முடிவே கட்டிவிட்டாள். இருவரும் ஒரே அறையில் படுத்தார்கள், ஒரே பானையில் சோறு எடுத்தார்கள். எதிரே நிற்கும் தங்கையின் முகத்தை மட்டும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, கவர் கம்பெனிக்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்யத்தான் பார்த்தார்கள். ஆறு மாதமாகப் புதுக் கவரை ஒற்றைத் தோலில் செய்தார்கள். இனிமேல் எல்லாம் சுலபமாக உருகிவிடும் என்று பெருமையடித்துக்கொண்டார்கள். ஆனால் பளபளப்பும் படமும் அச்சு அசலாகப் பழைய கவர் மாதிரியே. பிரிக்கிறவள் எதைப் பார்த்துப் பிரிப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. மேசைப் பெண்கள்தான் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாதி விரிந்து பாதி நின்றால், கவரை முடிச்சுப் போட்டுச் சந்தேகக் கூடையில் எறிவது. கூடை கவிழ்ந்து கலந்தாலும் முடிச்சு காட்டிக்கொடுத்துவிடும். பிறகு சாவகாசமாக வெட்டிப் பார்க்கலாம்.

பத்து மணிக்கு முதலாளி ஒரு காகிதத்தோடு வந்தார். மேசையின் கவனக்குறைவால்தான் விபத்து நடந்தது என்று அதில் எழுதியிருந்தது. மத்தியானம் கவர் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள், மிஷின் ஓடியாக வேண்டும், அதற்குள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். செத்தவன் பெண்டாட்டி எதிரே நிற்கிறாளே என்று குரலைக்கூடத் தணிக்கவில்லை. அக்காதான் முதலில் வாய் திறந்தாள்.

"எங்க போடணும்?"

கை பிசுபிசுத்தது. கழுவிவிட்டு வருகிறேன் என்று பின்பக்கக் குழாய்க்குப் போனாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கட்டி கிடந்தது. அன்று மிஷின் வாயிலிருந்து கடப்பாரையால் பெயர்த்து எறிந்தது, ஆட்டுக்கல் அளவு இருக்கும். இருபது நாளாக யாரும் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பியதில்லை. கையெழுத்துப் போடப் போகிற நேரத்தில் அதைப் பார்க்காமல் போவது அவளுக்குத் தப்பாகப் பட்டது.

ஒரு பக்கம் உருகி இறுகியிருந்தது. மறுபக்கம் கவர்கள் உருகாமல் பிதுங்கி நின்றன. அதில் ஒரு முடிச்சு. அதற்குக் கீழே இன்னொன்று. குனிந்து எண்ணினாள், ஏழு. இடக்கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, வாலை உள்ளே செருகிய முடிச்சு. அவள் ஒருத்திதான் அப்படிப் போடுவாள்.

நான் தவற விடவில்லை. நான் எடுத்துத் தனியாகத்தான் வைத்தேன். அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது. கூடை தானாக நடந்தா மிஷினுக்குப் போயிருக்கும்?

"கூடைக்கார அண்ணே, கொஞ்சம் இங்க வாங்க."

கூடை தூக்குகிற பெரியவர் வந்தார். முடிச்சுகளைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே தங்கையும் மற்றவர்களும் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"எடை பத்தல, சந்தேகக் கூடைல எல்லாம் புதுக் கவர்தான், மிஷின்ல கொட்டுன்னாரு முதலாளி. கொட்டிட்டேம்மா. அன்னிலேருந்து சோறு எறங்கல."

தங்கை கேட்டாள்: "எம் புருஷனுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. முதுகு காட்டி நின்னுட்டிருந்தாரு."

தங்கை பெரியவர் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். அடிப்பாளோ என்றுகூட அக்காவுக்குத் தோன்றியது. "எந்திரிங்க," என்றாள் தங்கை. "இதத் தூக்கணும். ஒரு கை பிடிங்க."

நாலு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்கிவந்து கட்டியை மேசை நடுவே வைத்தார்கள். முதலாளியின் முகம் ஒரு கணம் செத்துப்போயிற்று. பிறகு சிரித்தார்.

"குப்பைல முடிச்சு இருந்தா அது சாட்சியா?"

"எங்களுக்குச் சாட்சிதான்," என்றாள் அக்கா. "நடந்தத அந்தக் காகிதத்துல எழுதுங்க. சந்தேகக் கூடை மிஷின் பக்கம் வரக்கூடாது. புதுக் கவர்ல ஒரு அடையாளம் போடச் சொல்லுங்க, கண்ணு தெரியாதவ தடவினாலும் தெரியணும். அப்புறம் ஓட்டலாம்."

"நாளைக்கே வேற ஆளுங்க வந்து நிப்பாங்க."

"வரட்டும். அவங்களுக்கும் இதே கவர்தான் வரும். அவங்ககிட்டயும் இந்தக் கட்டியக் காட்டுவோம்."

வாசலில் கார் வந்து நின்றது. கதவுகள் சாத்தும் சத்தமும் பேச்சுக்குரலும் கேட்டன. வேலையைப் பாருங்கள், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று முதலாளி பல்லைக் கடித்தபடி தானே போய் மிஷினை முடுக்கினார். தரை அதிர்ந்தது. பழக்க தோஷம், இரண்டொரு பெண்களின் கைகள் கவர்களை நோக்கி நீண்டன.

அப்போது விசில் கேட்டது. வழக்கம்போலப் பாதியில் அறுந்துவிடும் என்று அக்கா காத்திருந்தாள். அறுபடவில்லை. மற்றவர்களும் திரும்பினார்கள். அப்போதுதான் அவள் இருபது நாளில் முதல் முறையாகத் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். தங்கை இரண்டு விரலை வாயில் வைத்து, கண்ணில் நீர் வழிய, அவன் அடிக்கிற மாதிரியே அடித்துக்கொண்டிருந்தாள்.

நீண்ட கைகள் பின்வாங்கின. பெரியவர் எடுத்த கூடையைக் கீழே வைத்தார். கம்பெனி ஆட்கள் உள்ளே வந்தபோது மிஷின் வெறும் வயிற்றோடு இரைந்துகொண்டிருந்தது, ஒருத்தியும் கவரைத் தொடவில்லை.