மேடை நிறைய அப்பாக்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. சிறுவர் மன்றத்துக்குப் பெற்றோர் எப்படியெல்லாம் தொண்டு செய்யலாம் என்று ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். 'பெற்றோர்களே, உங்கள் பொன்னான நேரத்தில்' என்று ஆரம்பித்துப் பேனாவை மூடிவிட்டேன். பேத்துப்பாறை மலைக்கிராமத்து அப்பாக்களின் நேரம் எப்பேர்ப்பட்ட பொன் என்று எனக்குத் தெரியும்.

2

1961. பேத்துப்பாறைச் சிறுவர் மன்றத்தின் முதல் ஆண்டு விழா. அன்னக்கொடியின் மகள் தமயந்திக்கு நாடகத்தில் ராணி வேஷம். அறுவடை தொடங்கியதும் பள்ளிப்படிப்பை நிறுத்தி அவளைப் பூண்டுக்காட்டுக்கு அனுப்புவதென்று அப்பா மலைச்சாமி முடிவு செய்திருந்தார். ஆக, அவள் ராணியாக இருக்க இந்த ஒரு சாயங்காலம்தான்.

மன்றத்தை நடத்திய சுவாமிநாதன் வாத்தியார், உதவிக்கு வாருங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். அன்னக்கொடி விளக்குமாறோடு வந்தாள். இடத்தைக் கூட்டினாள், பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு அவித்து வைத்தாள். அப்பாக்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

"மேடையில எனக்கு எந்த எடம்ங்க?"

கோயிலில் எந்த வரிசையில் பரிவட்டம் கட்டி மரியாதை செய்வார்களோ, அதே வரிசையில் எல்லா வீட்டுக்கும் நாற்காலி என்று தீர்மானமாயிற்று. (நாற்காலிகளைச் சுமந்து வந்தவை மலைச்சாமியின் மட்டக்குதிரைகள். நன்றியுரையில் பெயர் அவருக்கு.) போட்டுப் பார்த்தால் மேடை நிறைந்துவிட்டது.

"சார், புள்ளைக எங்க நின்னு நடிக்கும்?" என்றாள் அன்னக்கொடி.

"பெரியவங்க பேசி எறங்கினதும்தாம்மா."

"அதுக்குள்ள மூடுபனி எறங்கிருமேங்க. அப்புறம் ராணியும் தெரியாது, மந்திரியும் தெரியாது."

வாத்தியார் மேடையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அவர் வேறென்ன செய்வார், பாவம்.

3

முதல் நாற்காலிக்காரர் சின்னச்சாமி 'பெற்றோரின் தியாகம்' பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் பனி பேரிக்காய் மரங்கள் வரை வந்துவிட்டது.

முதல் பிரதியில், அன்னக்கொடி மேடையேறி ஒரு நாற்காலியைப் பிடித்து இழு [இந்த வரியை அடித்துவிட்டேன். மூன்றாம் நாற்காலியில் இருப்பது அவள் புருஷன். வீட்டுக்குப் போனால் உதை அவளுக்கு, கைதட்டல் எனக்கு.]

இரண்டாம் பிரதியில், அப்பாக்கள் வெட்கப்பட்டுத் தாமாகவே எழுந்து [எழுதும்போதே சிரித்துவிட்டேன்.]

மூன்றாவதில் இவ்வளவுதான் மிஞ்சியது. அவள் மேடையோரம் போய்ப் புருஷனிடம் கெஞ்சினாள்.

"இங்கேருங்க, நீங்க ஒருத்தராச்சும் வெரசா எந்திரிங்க. புள்ள அழுகுது."

"நான் எந்திரிச்சா அடுத்த வீட்டுக்காரன் தள்ளி உக்காந்துருவான், புள்ள. பேசாம இரு."

இதற்கு மேல் எழுத எனக்கு ஆத்திரமாக வருகிறது.

4

தமயந்தி மேடைக்குக் கீழே நிற்கிறாள். காகிதக் கிரீடம் பனியில் ஊறித் தொங்குகிறது. இரண்டாம் நாற்காலிக்காரர் தொண்டையைச் செருமுகிறார்.

முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். அருமையான யோசனை ஒன்று இந்நேரம் உங்களுக்குத் தோன்றியிருக்கும். யோசனை சொல்ல நம்மில் ஆளா இல்லை? ஆனால் அவள் கேட்பது ஓர் ஆள் நிற்கிற அளவு இடம். நீங்களும் சௌகரியமாக உட்கார்ந்துதானே இதைப் படிக்கிறீர்கள்?