டிரையல் அன்று குழந்தை தூங்கிவிட்டது

1.

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. கேள்வியைக் கேட்டவர்கள் இன்னும் ஹாலில்தான் நிற்கிறார்கள். "யோசிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லி, அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். கதவுக்கு வெளியே நிற்பவர்களுக்கு யோசிப்பதும் எழுதுவதும் ஒன்றுதான். இரண்டிலும் சத்தம் வராது.

முதல் வரி வேலைக்கு மூன்று வரிகள் வரிசையில் நின்றன.

"பினாங்குக் கடலில் அந்தி சாயும் வேளையில், கரையிறங்கிய அந்தப் பெண்ணின் விழிகளில்..." (வேண்டாம். பிரமிளா வந்தது காலையில். ஃபெரியில். கையில் குடை.)

"குழந்தை என்பது இறைவன் நமக்கு..." (இப்படி எழுதுகிறவன் குழந்தையோடு ஒரு பகல்கூடத் தனியாக இருந்திருக்கமாட்டான். நானும் இருந்ததில்லை.)

"எழுபத்து நான்கு வயதில், இன்று காலை ஒரு பெண்மணி என்னை இடுப்பில்..." (இது உண்மை. ஆனால் முதல் வரியிலேயே உண்மையைச் சொன்னால் அப்புறம் நீங்கள் எதையும் நம்பமாட்டீர்கள்.)

ஆகவே கதை முதல் வரி இல்லாமலே ஆரம்பிக்கிறது.

2.

என் மருமகள் ஸ்ரீநிதி திங்கட்கிழமை பத்து காவான் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலைக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். பிரசவ விடுப்பு, அதற்குமேல் கெஞ்சி வாங்கிய விடுப்பு, எல்லாம் தீர்ந்தது. மகன் லோகேஸ்வரனுக்கும் அங்கேதான் வேலை. பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற பேச்சு வரும்போதெல்லாம் இருவரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

எனக்கு மத்தியானத்தில் வேலை இருக்கிறது. எங்கள் டத்தோ கிராமாட் அடுக்குமாடிக்குக் கீழே காப்பிக் கடையில் மோகனராஜோடு டாம் ஆட வேண்டும், பலகையில் கறுப்பு வெள்ளைக் காய் நகர்த்தும் ஆட்டம். மோகனராஜ் தோற்கத் தோற்க மறுநாளும் வந்து உட்காருகிறவன். அப்படி ஒருவன் கிடைப்பது பிள்ளை பார்க்க ஆள் கிடைப்பதைவிடக் கஷ்டம். பேரன் என் கைக்கு வந்தால் அந்த மத்தியானங்கள் போயின. ஆகவே பிள்ளை பார்க்கக் கேட்டிருந்த பிரமிளாவுக்கு இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று இந்தக் கதையில் அதிகமாக ஆசைப்பட்டவன் நான். பிரமிளாவே இரண்டாவதுதான்.

பிரமிளா கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாம்காரர். ஐம்பது வயதிருக்கும். "ஒரு நாள் வந்து பாருங்கக்கா," என்று ஸ்ரீநிதி போனில் சொன்னாள். "புள்ள உங்ககிட்ட ஒட்டுதான்னு நாங்க பாக்குறோம், உங்களுக்கு எங்க வீடு புடிக்குதான்னு நீங்க பாருங்க. சும்மா டிரையல் லா." சனிக்கிழமை என்று முடிவானது.

(என் மனைவி கோமதி எங்கே என்று கேட்பீர்கள். கதையில் ஆள் குறைவாக இருக்கட்டும் என்று ஈப்போவுக்கு, அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்திருக்கிறேன். நிஜத்திலும் அங்கேதான் இருக்கிறாள். நான் அனுப்பியதாக மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள்.)

3.

வேலைக்கு வருகிறவர் வீட்டைப் பார்த்து என்ன நினைப்பாரோ என்று, அவர் வருவதற்குள் எல்லா வேலையையும் நாமே முடித்துவிடுவது நம் குடும்பங்களின் வழக்கம். இன்று விடியுமுன்பே திரைச்சீலை துவைத்தாயிற்று. மின்விசிறி துடைத்தாயிற்று. லோகேஸ்வரன் சோபாவை இழுத்த இழுப்பில் பேரன் எழுந்து, எங்கள் பின்னாலேயே தவழ்ந்து தவழ்ந்து மேற்பார்வை பார்த்தான். பிறகு லோகேஸ்வரன் ஷிப்டுக்குப் போனான். பிரமிளா வாசலில் செருப்பைக் கழற்றினார். பேரன் தூங்கிப்போனான்.

எங்கள் வீட்டில் இரண்டு சட்டங்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது. முதன்முறை வந்தவரைச் சாப்பிட வைக்காமல் விடக் கூடாது. இரண்டு சட்டமும் சேர்ந்ததில், பிரமிளா சோபாவில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார். பேரன் தூங்கினான். பிரமிளா வடை சாப்பிட்டார். பேரன் புரண்டு படுத்தான். எல்லாரும் எழுந்து நின்றோம். அவன் மறுபடி தூங்கினான். எல்லாரும் உட்கார்ந்தோம்.

"இன்னும் கொஞ்சம் கேசரி வைக்கவாக்கா?"

"எம்மா, இப்படியே போனா என்னப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நல்லா சாப்பிடுவேன்னுதான் தெரியும்." பிரமிளா தட்டைக் கீழே வைத்தார். "எங்க ஊர்ப்பக்கம் பிறையில ஒரு வீட்டுல திங்கக்கிழமையே வரச் சொல்லிக் கேக்குறாங்க. இன்னிக்கே பதில் சொல்லணும். புள்ளய பாக்காம நான் எப்படிம்மா உனக்கு சரின்னு சொல்றது?"

அவர் குடையை எடுத்தார். டாம் பலகைக்கு இறக்கை முளைத்து அது ஜன்னல் வழியாகக் கொம்தார் கோபுரத்தைத் தாண்டிப் பறந்து போவதை நான் பார்த்தேன்.

"புள்ளைக்குப் பதிலா நான் இருக்கேனே," என்று ஒரு குரல் கேட்டது.

யார் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

(கதவு தட்டப்படுகிறது. "மாமா, யோசிச்சாச்சா?" "கொஞ்சம் பொறும்மா." கேசரி வரைக்கும் வந்துவிட்டேன் என்று சொன்னால் அவளுக்குப் புரியாது.)

4.

இந்த இடத்தில் பிரமிளா என்கிற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. எந்தப் பெண்ணாக இருந்தாலும் சிரித்திருக்க வேண்டும். அல்லது படிக்கட்டு வழியாக ஓடியிருக்க வேண்டும். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அவர் செய்தது இதுதான்: குடையைச் சாத்திவைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். ஸ்ரீநிதியிடம் திரும்பினார்.

"எத்தன மாசம்?"

"பத்து மாசம்க்கா," என்றாள் ஸ்ரீநிதி, என்னைப் பார்த்தபடியே.

"பல்லு?"

"மேல ரெண்டு, கீழ ரெண்டு."

"இவருக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும்போல." பிரமிளா சேலை முந்தானையைச் செருகினார். "ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. வேலைன்னா வேலை."

அவர் என்னை ஐயா என்று அழைத்தது அதுவே கடைசி.

"வாடா என் ராஜா, மம்மு சாப்பிடலாம்."

இடுப்பில் தூக்கினாரா என்று கேட்பீர்கள். தூக்கினார். ஹாலிலிருந்து சமையலறை வரைக்கும். என் கால்கள் கூடவே தரையில் நடந்து வந்தன, அது வேறு விஷயம்.

நல்ல பிள்ளையாக நடந்து அவருக்கு வேலை வாங்கிக் கொடுப்பதுதான் என் திட்டம். ஆனால் உப்பில்லாத கஞ்சி வாய்க்கு எதிரே வந்ததும் திட்டம் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டேன். கரண்டியைத் தட்டிவிட்டேன். பிறகு அழுதேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்த அழுகையில் லிஃப்ட் நான்காம் மாடியில் நின்றுவிட்டது. அக்கம்பக்கத்துப் பூனைகள் கடல் தாண்டிப் பட்டர்வொர்த்துக்குக் குடிபெயர்ந்தன. பக்கத்து வீட்டு ஸுல்கிஃப்லி ஓடிவந்து கம்பிக்கதவை உலுக்கினான்.

"பாச்சிக் ஓகே கா?" மாமா என்பதற்கு அவன் மலாய்ச் சொல் அது.

"ஒண்ணுமில்ல ஸுல், டிரையல் லா!" என்று ஸ்ரீநிதி கத்தினாள்.

ஸுல்கிஃப்லி நன்றாகத் தமிழ் பேசுவான். இருந்தாலும் அழும் என்னையும் தூங்கும் பேரனையும் மாறி மாறிப் பார்த்தான். போய்விட்டான்.

நான் மின்சாரப் பிளக்கை நோக்கித் தவழ்ந்தேன். "அங்க பூச்சாண்டி!" என்றார் பிரமிளா. பூச்சாண்டி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பி வந்தேன்.*

கடைசியில் பாயை விரித்து, என்னைப் படுக்கவைத்து, முதுகில் தட்டிக்கொடுத்தார். பகலில் தூங்குவது சோம்பேறிகளின் பழக்கம் என்று நான் வெகுகாலமாகச் சொல்லிவருகிறவன். அதை அவருக்கு விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். பகல் தூக்கம் என்பது...

* குழந்தைகளுக்கு இடுப்பில் கட்டும் ஒரு குறிப்பிட்ட துணியைப் பற்றிச் சில வாசகர்கள் கேட்பார்கள். இது கௌரவமான கதை. அந்தப் பேச்சு எடுக்கப்பட்டது, நான் எழுந்து நின்றேன், பேச்சு கைவிடப்பட்டது.

5.

(இந்தப் பகுதியில் ஆசிரியர் தூங்கிக்கொண்டிருந்தார்.)

6.

விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அந்தத் தூக்கம் எப்படி இருந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் என் தரப்பு பலவீனமாகிவிடும். கைப்பேசியில் மோகனராஜ் குரல் பதிவு அனுப்பியிருந்தான்: "அண்ணே, இருக்கீங்களா இல்லியா? நான் தனியா ஆடி எனக்கே தோத்துட்டு இருக்கேன்."

பேரன் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தான். என் கழுத்தில் கட்டியிருந்தது அவனுடைய முயல் படம் போட்ட துண்டு. அதை அவன் வெகுநேரம் உற்றுப் பார்த்தான்.

"எப்படிக்கா?" என்று ஸ்ரீநிதி பிரமிளாவிடம் கேட்டாள். திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிறுதான் பாக்கி.

"எடுத்துக்கிறேம்மா. நல்ல புள்ள. சாப்பாட்டுல கொஞ்சம் வம்பு, தூக்கத்துல தங்கம்."

"தேங்க்ஸ்க்கா! இவன் இன்னிக்கு உங்ககிட்ட வரவே இல்லியேன்னு பயந்தேன்."

"இவன நான் எங்க பாத்தேன்? நான் பாத்தது அவரைத்தான்." பிரமிளா என்னைக் காட்டினார். "சின்னது எப்படியோ, எனக்குத் தெரியாது. பாத்த புள்ளய நம்பித்தான் நான் வேலைக்கு வருவேன். பெரியவரும் வீட்டுல இருக்கணும். மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிடணும், ஒண்ணா படுக்கணும். ஒண்ணு தூங்கி ஒண்ணு வெளிய சுத்துனா ரெண்டும் கெட்டுப்போவும். சம்மதம்னா இப்பவே பிறைக்கு போன் போட்டு இல்லன்னு சொல்லிடறேன்."

"நான் டாம் ஆடப் போகணும்," என்றேன்.

"சாயந்திரம் கூட்டிட்டுப் போறேன், செல்லம்."

ஸ்ரீநிதி என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

அதுதான் கேள்வி.

7.

முடிவு ஒன்று: "முடியாது" என்கிறேன். பிரமிளா பிறைக்குப் போகிறார். திங்கள் முதல் பேரனும் நானும் மட்டும். டாம் ஆடக் கீழே தூக்கிப் போகிறேன். அவன் வெள்ளைக் காய்களை விழுங்குகிறான். (மோகனராஜ் எப்போதும் கறுப்பு. ஆகவே அவன் ஜெயிக்கிறான். இந்த முடிவை என்னால் எழுத முடியாது.)

முடிவு இரண்டு: "சரி" என்கிறேன். உச்சி வெயிலில் உப்பில்லாக் கஞ்சி, பாய், பூச்சாண்டி. மோகனராஜ் வேறு ஒருவரிடம் போய்த் தோற்கிறான். நான் வளர்த்த தோல்வி அது.

முடிவு மூன்று: பேரன் வாயைத் திறந்து, தன் முதல் பேச்சாக, "தாத்தாவை விட்டுவிடுங்கள்..." (பத்து மாசம். காப்பிக் கடையில் சொல்லலாம். எழுத்தில் எடுபடாது.)

வெளியே தட்டுவது நின்றுவிட்டது. அது நல்லதற்கல்ல. பிரமிளா ஃபெரிக்கு நேரமாகிவிட்டது என்கிறார். எனக்கு வேறு முடிவு தோன்றவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். "சரி" என்பவர்கள் சத்தமாகச் சொல்ல வேண்டாம், கதவு மெல்லிய பலகை. "பாவம் கிழவன், அவனை விடுங்கள்" என்பவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. உங்களுக்கு நல்ல மனது. அந்த நல்ல மனதோடு திங்கட்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. பயப்படாதீர்கள், முதலில் ஒரு நாள் சும்மா டிரையல்தான். பேரன் தூங்கிக்கொண்டிருந்தால் திரும்பிப் போய்விடாதீர்கள்.

நான் இருக்கிறேன்.