பொட்டு வைத்த முட்டைகள்

பல்லியைக் கண்டால் விளக்குமாற்றை எடுக்கிற வீடுகளுக்கு நடுவே கார்த்திகா பல்லி வளர்த்தாள்.

அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்த மூன்றாவது மாடி. கூடத்தின் ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி. தொட்டிக்குள் சாந்தி. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், மரவள்ளிக்கிழங்கு போலத் தடித்த வால். சிறுத்தைப் பல்லி என்ற இனம். அதற்குச் சுவரில் ஏறத் தெரியாது. கத்தத் தெரியாது. கண்ணை மட்டும் மெதுவாக மூடித் திறக்கும்.

மாமனார் உலகநாதனுக்கு இது எதுவுமே பிடிபடவில்லை. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மகன் வெங்கட்டின் வீட்டுக்கு வந்திருந்தார்.

"செவுத்துல ஏறாதது என்னா பல்லிம்மா?"

"இது தரைப் பல்லி மாமா."

"சரி, காசு குடுத்து வாங்குன பல்லி மேல உழுந்தா பலன் உண்டா? காலண்டர் பின்னாடி பாத்தேன். போடல."

"ஏறினாத்தானே மாமா விழும்?"

உலகநாதன் யோசித்தார். நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் தொட்டிக்கு ஓர் அடி தள்ளியே நடந்தார்.

கார்த்திகாவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஜெபா வீட்டில். ஜெபா அவளோடு வேலை செய்பவள், ஆவடிக்காரி. ஒருநாள் அவள் வீட்டில் ஒரு முட்டை கீறிக்கொண்டு திறந்தது. விரல்நகம் அளவு தலை ஒன்று வெளியே வந்து, உலகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்பதுபோல் அங்கேயே ஓய்வெடுத்தது. கார்த்திகா சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. வீடு திரும்பும்போது மடியில் சாந்தி இருந்தது.

சாந்தி வளர்ந்து பெரிதானதும் ஜெபா தன் ஆண் பல்லியைக் காற்றோட்டமான டப்பாவில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள். வெங்கட் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தான். மாப்பிள்ளை ஒரு வாரம் தங்கினார். நிறையப் புழு தின்றார். கிளம்பிப் போனார்.

"இன்னாடி, மாப்ள ஒழுங்கா நடந்துகினாரா?" என்று ஜெபா போனில் கேட்டாள்.

"சாப்பாட்டுல குறை சொல்லல."

முதல் இரண்டு முட்டைகள் பழைய எலுமிச்சம்பழம் போலச் சுருங்கின. அடுத்த இரண்டில் பூஞ்சை பூத்தது. ஆவணியில் சாந்தி மறுபடி இரண்டு இட்டது. இந்த வருஷத்துக்கு இவைதான் கடைசி என்று ஜெபா சொல்லிவிட்டாள். கார்த்திகா அறையை இருட்டாக்கி, போன் விளக்கை முட்டைக்குக் கீழே பிடித்தாள். உள்ளே இளஞ்சிவப்பு. அதில் நூல் நூலாக ரத்த நாளங்கள். வீடியோவில் ஜெபாவுக்குக் காட்டினாள்.

"கரு கீதுடி!" ஜெபா கத்தினாள். "ரெண்டுலயும் கீது! நல்லா கேட்டுக்க. இனிமே அத்த பொரட்டவே கூடாது. கோழி பொரட்டிப் பொரட்டி உடும். இது கோழி இல்ல. மேல இருக்கறது மேலயே இருக்கணும். தலைகீழாப் பூட்டா உள்ள கீற குட்டி அவ்ளோதான். பென்சில் எடுத்து மேல ஒரு புள்ளி வெச்சிடு."

கார்த்திகா பென்சிலை எடுத்தாள். முட்டையின் ஓடு தோல் மாதிரி மெத்தென்று இருந்தது. கூர் பட்டால் என்ன ஆகும் என்று நினைத்தாள். பென்சிலை வைத்துவிட்டாள். நாம்தான் தொடவே போவதில்லையே, புள்ளி எதற்கு?

ஒரு தயிர் டப்பாவில் ஈரமான தேங்காய்நார்த் தூளை நிரப்பி, முட்டைகளைப் பாதி புதைத்து, மூடியில் துளை போட்டு மூடினாள். டப்பாவை ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டிக்குள் ஒரு சூட்டுப் பாய். சூடு ஏறினால் தானே அணையும், குறைந்தால் தானே எரியும். பெட்டி தொட்டிக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது.

உலகநாதனுக்கு அதுவரை இருந்த பொறுமை அத்தோடு போனது. ஏரிக்காற்று நேராக வருகிற ஜன்னல் அது ஒன்றுதான். அங்கே தன் சாய்வு நாற்காலியைப் போட வேண்டும் என்பது வந்த நாளிலிருந்து அவர் ஆசை.

"இந்தக் காத்து பல்லிக்குப் போய் வீணாவுதேம்மா."

"குட்டி வரட்டும் மாமா."

"எங்க வருது? ரெண்டு தடவ பாத்தாச்சு. ஒண்ணு பண்ணுவோம். தீபாவளிக்குள்ள குட்டி வரலன்னா சாந்தி ஆவடிக்குப் போவணும். என் நாற்காலி இங்க வரணும்."

"வந்துட்டா?"

"வந்துட்டா, என் கையாலயே அதுக்குப் புழு வெக்கிறேன். போதுமா?"

வெங்கட் சோபாவிலிருந்து எட்டிப் பார்த்தான். அப்பா புழுவைத் தொடுவதை அவன் கற்பனை செய்துகொண்டிருந்தான்.

"ஆனா வராதும்மா," என்றார் உலகநாதன்.

டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து வீட்டுப் பல்லி சத்தமாகக் கத்தியது. அவர் சட்டென்று விரலால் மேஜையைத் தட்டினார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா. பல்லியே சொல்லிடுச்சு."

"அது செவுத்துப் பல்லி மாமா. பொறாமையில சொல்லுது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இரவு படுக்கும்போது அந்தச் சத்தம் காதில் இருந்தது. சாந்தி இல்லாத ஜன்னலை நினைத்துப் பார்த்தாள். பிடிக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது.

தொழிற்சாலையில் அது பொங்கலைவிடப் பெரிய பண்டிகை. முந்தின நாளே இயந்திரங்களைத் துடைத்து, மாலை போட்டு, ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும்கூட விடாமல் பொட்டு வைப்பார்கள். உலகநாதன் ஓய்வு பெற்றாலும் அந்தக் கை ஓயவில்லை. கார்த்திகாவும் வெங்கட்டும் பொரி, வாழைக்கன்று, பூசணிக்காய் வாங்க அம்பத்தூர் போய்த் திரும்பியபோது வீடே பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், ஃபேன் ரெகுலேட்டர், வெங்கட்டின் மடிக்கணினி, டிவி ரிமோட். ஃப்ரிட்ஜுக்கு மூன்று பொட்டு. சாமி படத்துக்கு முன்னால் டிரில்லிங் மெஷின், அரிவாள்மனை, இஸ்திரிப்பெட்டி, ஸ்கூட்டர் சாவி.

அவற்றுக்கு நடுவே, ஒரு ஸ்டூலின்மேல், தெர்மாகோல் பெட்டி. சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி.

பெட்டியின் ஒயர் அழகாகச் சுருட்டிக் கட்டியிருந்தது.

கார்த்திகாவின் கையிலிருந்த பொரி தரையில் இறங்கியது.

"மாமா, இத எதுக்கு எடுத்தீங்க?"

"ஏம்மா, அதுவும் மிஷின்தான? எல்லாத்துக்கும் வெச்சுட்டு அத உட்டா நல்லாவா இருக்கும்? எனக்குப் புடிக்காதுங்கறது வேற. தொழில்னா தொழில்."

அவள் மூடியைத் திறந்தாள். டப்பாவைத் திறந்தாள். பாதி புதைந்த இரண்டு முட்டைகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சந்தனத் துளி. துளியின்மேல் குங்குமம்.

"உள்ளயும் வெச்சீங்களா?"

"உள்ள இருக்கறதுக்குத்தானேம்மா மிஷினே?"

"புரட்டினீங்களா மாமா? கையில எடுத்தீங்களா?"

"நான் ஏம்மா அதத் தொடுறேன்?" உலகநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. "எட்ட நின்னு ஒரு வெரலால மேலாப்புல வெச்சேன். வெச்சுட்டு கையக் கழுவுனேன்."

அவள் மூச்சு விட்டாள். பெட்டியைத் தூக்கப் போனாள்.

"எடுக்காத! பூஜையில வெச்சத நாளைக்குத்தான் எடுக்கணும்."

"மாமா, சூடு போயிடும்."

"ஃபேக்டரியிலயே அன்னிக்கு எந்த மிஷினும் ஓடாதும்மா. அவ்ளோ பெரிய மிஷினே நிக்குது. இது ஒரு நாள் நின்னா என்னா?"

கார்த்திகா தலையைத் திருப்பினாள். ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். மூன்று பொட்டோடு அது உறுமிக்கொண்டிருந்தது. உலகநாதனும் பார்த்தார். உள்ளே அவருடைய தயிர் இருந்தது.

பிறகு சொன்னார்: "எடுக்காத. அங்கயே கரண்ட் குடு."

நீட்டிப்பு ஒயர் ஒன்று கூடத்தின் குறுக்கே ஓடியது. பெட்டிக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. சூடத்தட்டில் ஆரத்தி காட்டினார்கள். பூசணிக்காயைத் தலைக்குமேல் சுற்றிக்கொண்டு வெங்கட் கீழே கேட்டுக்கு ஓடினான், உடைத்தான், வெற்றிகரமாக ஓடி வந்தான். வந்த வேகத்தில் ஒயரில் கால் மாட்டியது.

ஸ்டூல் சாய்ந்தது. பெட்டி தரையில் விழுந்தது. மூடி ஒரு பக்கம், சாமந்தி ஒரு பக்கம். தயிர் டப்பா உருண்டுபோய் கிரைண்டரில் முட்டி நின்றது.

வெங்கட் ஒற்றைக் காலில் நின்றான்.

கார்த்திகா தரையில் உட்கார்ந்து டப்பாவை எடுத்தாள். மூடி கழன்றிருக்கவில்லை. திறந்தாள். நார்த்தூள் ஒரு பக்கமாகச் சரிந்து குவிந்திருந்தது. முட்டைகள் வெளியே தெரியவே இல்லை. விரலால் தூளை விலக்கினாள். வெள்ளையாக ஒன்று தெரிந்தது. இன்னொன்று அதற்குக் கீழே.

பென்சில் புள்ளி ஞாபகம் வந்தது. வைக்காத புள்ளி. எது மேல், எது கீழ்? இரண்டும் எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. கண் கலங்கிவிட்டது.

"என்னம்மா தேடுற?" உலகநாதன் குனிந்தார்.

"எந்தப் பக்கம் மேல இருந்ததுன்னு தெரியல மாமா. தலைகீழா வெச்சா குட்டி செத்துடும்."

"பொட்டு இருக்கேம்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பொட்டும்மா. மேலதான வெச்சேன்."

முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டாள். முதல் முட்டையை மெல்லத் திருப்பினாள். பக்கவாட்டில், கொஞ்சம் தூள் ஒட்டிக்கொண்டு, சிவப்பு. அதை உச்சிக்குக் கொண்டுவந்து தூளில் அமர்த்தினாள். அடுத்ததில் பொட்டு இல்லை. அதையும் மெல்லத் திருப்பினாள். சந்தனம் அடியில் இருந்தது. முட்டை முழுசாகக் கவிழ்ந்திருந்தது. நேராக்கினாள்.

இரண்டு பொட்டுகளும் மேலே பார்த்தன.

"ஸாரி," என்றான் வெங்கட், இன்னும் ஒற்றைக் காலில்.

ஜெபா போனில் எல்லாவற்றையும் கேட்டாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டாள்.

"எங்க ஊட்ல பென்சில். உங்க ஊட்ல சந்தனமா? நடத்துங்க. உடனே நிமித்திட்ட இல்ல? பொழச்சுக்கும்டி. பொழைக்கலன்னா அழுவாத. சாந்திய இட்டாந்து பாத்துக்க நான் கீறேன்."

பின்பாதிதான் கார்த்திகாவுக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகு பெட்டி ஜன்னலோரம் திரும்பியது. மழை தொடங்கியது. ஏரி ஏறியது. கொசு வந்தது, பட்டாசுக் கடை வந்தது. முட்டைகள் சும்மா இருந்தன. வெங்கட் பெட்டியைச் சுற்றி நடக்கும்போது காலை உயர்த்தி வைத்தான், ஒயர் இல்லாத இடத்திலும். உலகநாதன் மட்டும் அடிக்கடி ஜன்னல் பக்கம் வந்தார்.

"நாற்காலிக்கு அளவு எடுக்கறீங்களா மாமா?"

"பொட்டு அழிஞ்சிருக்கான்னு பாத்தேன்."

"அழியல."

"ம். நல்ல குங்குமம்."

தீபாவளிக்கு முந்தின நாள். கார்த்திகா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். சாந்தியின் தொட்டியை ஜெபா எப்போது எடுத்துப்போக வருவாள் என்று கேட்பதை நாளைக்குத் தள்ளிப்போட்டிருந்தாள்.

"கார்த்திகா." கூடத்திலிருந்து உலகநாதனின் குரல். வழக்கமில்லாத மெல்லிய குரல். "இங்க வாம்மா. சத்தம் போடாம வா."

பெட்டியின் மூடி திறந்திருந்தது. அவரே திறந்திருந்தார். ஒரு முட்டையில் வியர்வை மாதிரி துளித்துளியாக நீர். இன்னொன்றில் ஒரு கீறல், சரியாகப் பொட்டின் குறுக்கே. கீறல் அகன்றது. மூக்கு வந்தது. தலை வந்தது. சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் அப்பியிருந்தன. குட்டி உலகநாதனைப் பார்த்தது. ஒரு கண்ணை மூடித் திறந்தது.

"குளிக்காமயே பொட்டு வெச்சுகினு வந்திருக்கான் பாரு," என்றார் அவர்.

வெங்கட் வந்தான். காலை உயர்த்தி வைத்து வந்தான். மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள். அடுப்பில் பாகு முறுகிக் கல்லானது. யாரும் எழவில்லை. சாயங்காலத்துக்குள் அது முழுதாக வெளியே வந்துவிட்டது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை பட்டையான உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமில்லாத பெரிய தலை. கவிழ்ந்து கிடந்த முட்டை அதுதானா, மற்றதா என்று யாருக்கும் தெரியவில்லை. மற்றதும் வியர்த்துக்கொண்டிருந்தது; பொரியப்போகிற முட்டை அப்படித்தான் வியர்க்கும்.

கார்த்திகா எழுந்து ஒரு சிறிய டப்பாவையும் இடுக்கியையும் கொண்டுவந்தாள். டப்பாவில் புழுக்கள் நெளிந்தன.

"மாமா."

"குட்டிக்கா? சின்னதா இருக்கேம்மா, வேணாம்."

"குட்டி முதல் தோல் உரிச்ச பிறகுதான் சாப்பிடும். இது சாந்திக்கு. சொன்னீங்கல்ல?"

உலகநாதன் வெங்கட்டைப் பார்த்தார். வெங்கட் போனில் படம் எடுக்கத் தயாராக இருந்தான். ஜன்னலைப் பார்த்தார். நல்ல காற்று வந்துகொண்டிருந்தது.

"கையாலன்னுதான சொன்னேன். இடுக்கியும் கையிலதான இருக்கு?"

"இருக்கட்டும் மாமா."

இடுக்கியில் ஒரு புழுவைப் பிடித்தார். தொட்டிக்குள் கையை நீட்டினார். சாந்தி தலையைத் தூக்கியது. வால் நுனி மெல்ல ஆடியது.

"கடிக்காதுல்ல?"

"கடிக்காது மாமா."

அவர் அப்படியே நின்றார். டியூப்லைட் பக்கம் காதைக் கொடுத்தார்.

"பல்லி ஒண்ணும் சொல்லலியேம்மா."