கிளை முடியும் இடம்

பில்கிஸ் ஊதுவத்தியைக் கொளுத்தி அரிசி டம்ளரில் செருகிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் சுஹேல் வாசலில் வந்து நின்றார். கைலியெல்லாம் மண்.

“பாபி, நல்ல எடம் கெடச்சிருக்கு. அண்ணன் காப்பாத்தின புளியமரத்தடி. ஜமாத்துல எல்லாரும் ஒத்துக்கினாங்க. தோண்ட ஆரம்பிச்சிட்டாங்க.”

கூடத்தில் அவள் கணவர் வாஹித் பாஷா வெள்ளைத் துணிக்கடியில் படுத்திருந்தார். நிழலாவது கிடைக்கட்டும் என்று பில்கிஸ் தலையசைத்தாள். பிறகுதான் சுஹேலின் சட்டைக் கையில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். நூல் போன்ற வேர். நுனி வெள்ளை.

பக்கத்துத் தோல் மண்டியில் தோல்களிலிருந்து உதறிய உப்பு மழையோடு இறங்கி, கப்ரஸ்தான் என்கிற அடக்கத்தலத்தின் அந்தப் பழைய மரம் பாதி பட்டுப்போயிருந்தது. வெட்டிவிடலாம் என்றார்கள். வாஹித் பாஷாதான் தடுத்தார். வேரில் இரும்பு படக்கூடாதென்று உப்பு மண்ணைக் கையாலேயே அள்ளினார். செம்மண்ணும் எருவும் போட்டார். தினமும் குடம் குடமாகத் தண்ணீர். டீ ஆறிப்போவது தெரியாமல் மாலையில் சொல்வார்: “வெள்ளை நுனி உட்டிருக்கு பில்கிஸ். அதான் தண்ணி குடிக்கிற வாயி.”

பெண்கள் அங்கே போவதில்லை. அந்த மரத்தை அவள் பார்த்ததெல்லாம் அவர் பேச்சில்தான்.

“அங்க வேணாம். மூடச் சொல்லுங்க.”

“இன்னா பாபி! தோண்டின கப்ரை மூடினா ஜனங்க இன்னா பேசுவாங்க?”

“பேசட்டும். அந்த வேரை வெட்டிட்டு அதுலயே அவரைப் படுக்க வெப்பீங்களா?”

“அண்ணன் வெயில்ல கெடப்பாரே.”

பில்கிஸ் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“லாரி மேல நின்னு தோலு ஏத்தினவரு. வெயிலு அவருக்குப் புதுசா? மரத்தை உட்டுத் தள்ளி, மதிலோரம் பாருங்க.”

சுஹேல் உள்ளே வந்து துணியை விலக்கி அண்ணனின் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். மாலையில் மகன் நவீத் வெறும் பிளாஸ்டிக் குடத்தோடு திரும்பினான்.

“மதிலோரத்துக் கப்ருக்குத் தெளிச்சது போக மிச்சம் இருந்துச்சி அம்மி. மரத்துக்கு ஊத்திட்டேன்.”

“தூர்லயா ஊத்தினே?”

“இல்ல. அப்பா ஊத்துவாரே, கிளை முடியற எடம். அங்கதானே வெள்ளை நுனி.”

பில்கிஸ் குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் சன்னமாகத்தான் வந்தது. நிரம்பும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு தூக்கி வந்து, வாசலில் நவீதின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.