இரண்டில் எது

ஜோதிமணி பத்து நாளாகப் போனை எடுக்கவில்லை. அதனால் ஆய்வுப் படிவத்திலிருந்த முகவரியைத் தேடி, இரண்டாம் கட்டக் கேள்விகளோடு அவள் ஊரான அகரத்துக்கே வந்துவிட்டாள் களப்பணியாளர் புவனேஸ்வரி. ஆறு மாதத்துக்கு முன் மில் வாசலில் முதல் கட்டம் முடிந்ததும் ஒப்புதல் படிவத்தின் நகலை ஜோதிமணியிடம் கொடுத்திருந்தாள். கொடுத்தே ஆகவேண்டும் என்பது ஆய்வின் விதி.

இன்று அந்த நகல் ஜோதிமணியின் அம்மா அங்காளம்மாளின் மடியில், வெங்காயச் சருகோடு கிடந்தது.

"இதக் குடுத்த மகராசி நீதானா?"

"ஆமாம்மா. ஜோதிமணி இருக்காங்களா?"

"இருக்காம எங்க போவா? மில்லுக்குப் போறத நிப்பாட்டியாச்சு. போனையும் புடுங்கியாச்சு."

உட்காரச் சொல்லவில்லை. அண்ணன் அழகுராஜா வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றான். அவன் தோளுக்குப் பின்னால் ஜோதிமணியின் முகம் பாதி தெரிந்தது.

"படிலே," என்று நகலை மகனிடம் நீட்டினாள் அங்காளம்மாள்.

"'பாலினச் சிறுபான்மை இளையோர், பின்தங்கிய இளையோர்: உடல்நலம், மனநலம்.'" அழகுராஜா நிமிர்ந்தான். "மொதல்ல போட்டிருக்க ஆளுக யாருன்னு போன்ல பாத்துட்டேன். பொம்பளைய பொம்பள கட்டுற கூட்டம். அதானே?"

"அவங்களும் உண்டு. கஷ்டப்படுற வீட்டுப் பிள்ளைகளும் உண்டு."

"அதத்தானே நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்!" ஜோதிமணி உள்ளிருந்து கத்தினாள். "மில்லுல எம்புட்டோ பேருகிட்டக் கேட்டாக. நான் ஏழைன்னு சேத்த ஆளு."

"நீ வாய மூடு," என்று மகளை அதட்டிவிட்டு, அங்காளம்மாள் புவனேஸ்வரியிடம் திரும்பினாள். "இந்தா, நல்லாக் கேட்டுக்க. இவ சொல்றது நெசம்னா திங்கக்கெழம மில்லுக்குப் போகட்டும். இல்லைன்னா ஆவணி பொறந்ததும் குஜிலியம்பாறையில இருக்க என் தம்பிக்குக் கட்டி வச்சுருவேன். சொல்லு, இந்த ரெண்டுல எம்மக எது?"

புவனேஸ்வரிக்குத் தெரியும். படிவத்தில் இரண்டு பிரிவில் எதன் கட்டத்தில் டிக் விழுந்தது என்பதும், அதற்கு முன் ஜோதிமணியின் பேனா எவ்வளவு நேரம் நின்றது என்பதும். ஆனால் பயிற்சியில் மனப்பாடம் செய்த வாக்கியம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"யார் கேட்டாலும் அத நாங்க சொல்லக் கூடாதும்மா. ரகசியம்."

ஜோதிமணி கண்ணை மூடிக்கொண்டாள்.

வெங்காயம் உரித்த அங்காளம்மாளின் கை நின்றது. "ஏழைன்னு சொல்லவா ரகசியம்? மழை பேஞ்சா சட்டி வைக்கிற வீடு. ஊருக்கே தெரியும்டி அது."

"இல்லம்மா... ஏழைங்கிற பிரிவுதான். சத்தியமா."

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்?" அங்காளம்மாள் சிரித்தாள். "ஏலே, ஒம் மாமனுக்குப் போனப் போடு. நீ கெளம்பு தாயி, ஒனக்கு இன்னும் எத்தன குடியக் கெடுக்கணுமோ."

அழகுராஜா நகலை அம்மாவின் மடியில் போட்டுவிட்டு, போனோடு உள்ளே நகர்ந்தான். அந்த இடைவெளியில் ஜோதிமணி வெளியே வந்தாள். அம்மாவின் மடியிலிருந்து நகலை உருவி, புவனேஸ்வரியின் பைக்குள் திணித்தாள்.

"ஜோதி, நான் வேணும்னு..."

"ஒத்த வார்த்ததான் அக்கா, ஏழைன்னு. அத மொதல்ல சொல்ல வாய் வரல ஒங்களுக்கு. போங்க. இந்தத் தாள அடுத்தவளுக்காச்சும் குடுக்காதீக."

உள்ளே அழகுராஜா, "மாமா, நாந்தான்," என்று பேசத் தொடங்கியிருந்தான்.