தேவாலய வாசலில் வண்டி

1
எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒருவர் பேசிய பேச்சு கிளப்பிய எரிச்சலில் பிறந்தது இந்தக் கதை. “சுதந்திரம் தேடிக் கடல் கடந்த நம் முன்னோர்” என்றார். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பேரப்பிள்ளைகள் கண் கலங்கினார்கள். ஜெர்மனியின் தெற்கே ஸ்வாபிய மலையில் பிறந்த எங்களுக்குத் தெரியும், பலர் தாமாகப் போகவில்லை, அனுப்பப்பட்டார்கள். இதை எழுதாமல் விடுவதில்லை என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

2
முதல் தொடக்கம்: “1852. மலைமேல் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு...”

வேண்டாம். பனி கொட்டினால் நீங்கள் பரிதாபப்படத் தொடங்கிவிடுவீர்கள். அபொலோனியாவுக்கு அது பிடிக்காது.

இரண்டாவது: அபொலோனியாவும் ஃபிதேலிஸ் தீபோல்டும் கல்யாணம் செய்துகொள்ள ஊர்ச்சபையிடம் திரும்பத் திரும்ப அனுமதி கேட்டார்கள். சொத்து போதாது என்று சபை மறுத்துக்கொண்டே இருந்தது. (எங்கள் பக்கம் நிலத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிப்பது வழக்கம். ஃபிதேலிஸ் தன் பங்கில் கலப்பையைத் திருப்பினால் மாடு அண்ணன் நிலத்தில் நிற்கும்.) இதற்குள் வால்புர்கா பிறந்துவிட்டாள். அப்பன் பக்கத்துத் தெருவிலேயே இருந்தும் ஊர் அவளை அப்பன் பேர் இல்லாதவள் என்றது.

3
ஏழைகளைக் கழித்துக்கட்டினால் போதும் என்று கப்பல் செலவைச் சபையே ஏற்க முன்வந்தது. ஊரில் குடியிருக்கும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட வேண்டும், கல்யாணத்தை அமெரிக்காவில் வைத்துக்கொள்ளலாம். ஃபிதேலிஸ் சரி என்றான். [இவனைக் கொஞ்சம் தைரியசாலியாக எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.]

அபொலோனியா மறுத்தாள். “எந்த ஊரு எம்புள்ளைக்கு அப்பன் இல்லன்னுச்சோ, அந்த ஊர்க் கோயில்லதான் கல்யாணம். அப்புறம் வண்டி ஏறுறேன்.”

ஊர்த்தலைவர் மாட்டேஸுக்கு ஒரே பயம், கல்யாணம் முடிந்ததும் இவள் இங்கேயே அடுப்பு மூட்டிவிட்டால் என்ன செய்வது? கல்யாணத்துக்கு முன்னே வண்டி ஏறிவிட்டால் சபைக்காரர்கள் பேச்சு மாறிவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். கடைசியில் ஒத்துக்கொண்டது இப்படி: மூட்டை ஏற்றிய வண்டி தேவாலய வாசலில் நிற்கும். பீடத்திலிருந்து நேரே வண்டிக்கு. விருந்து கிடையாது.

4
கல்யாணம் முடிந்தது. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

முடிவு அ: ஏறினாள், அழுதாள். இந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அழமாட்டாள்.

முடிவு ஆ: ஊரிலேயே தங்கிவிட்டாள். இது என் ஆசை, அவ்வளவுதான். அவள் வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

முடிவு இ:

“ஏறு புள்ள, வெயில் ஏறுது” என்றார் மாட்டேஸ்.

“எம்பொண்ண மொதல்ல கூப்பிடுங்க. இத்தன பேரு காதுலயும் விழணும். அவ அப்பா பேரோட.”

“கப்பல் காத்திருக்காது.”

“தெரியும். நான் காத்திருப்பேன்.”

ஃபிதேலிஸ் தரையைப் பார்த்தான். ஊரே வண்டியைச் சுற்றி நின்றது.

5
இங்கே நிறுத்துகிறேன். மாட்டேஸின் வாயை எவ்வளவோ நெம்பிப் பார்த்தேன், திறக்கவில்லை. அதற்காக அவளை வாயடைத்து வண்டியில் ஏற்ற எனக்கு மனமில்லை, ஏற்றவும் மாட்டேன். இவ்வளவு தூரம் வந்துவிட்ட நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறீர்கள். வால்புர்கா தீபோல்ட். சத்தமாகச் சொல்லுங்கள், அவள் ஏறட்டும்.